தொற்றுநோயும் அறப் பிரச்சினையும்: ஒரு நோக்கு

மருத்துவத்துக்கு இன்றியமையாதன நான்கு என்பது வள்ளுவர் கொண்ட முடிபு. நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிலிருந்து நோயாளியைப் பேணுபவன் என்பன அவை. இப்பகுப்பினை நாம் பாடசாலையில் மனனஞ் செய்து, பரீட்சையிற் பொருளெழுதி, பின்னர் மறந்துவிடுகின்றோம். ஆயினும் தொற்றுநோய்களின் வரலாற்றினைப் படிக்கும்பொழுது, இந்நால்வகையுள் நான்காவதாகக் கூறப்பட்டவனைப் பற்றியே மீண்டும் மீண்டும் நினைக்க வேண்டியுள்ளது. பிற நோய்களில் நோயாளியின் அருகிலிருத்தல் அன்பின் இயல்பான வெளிப்பாடு. தொற்றுநோயிலோ அதுவே உயிராபத்து. தாய் பிள்ளையைத் தொடுவதும், பிள்ளை தந்தையின் சடலத்தைக் கழுவுவதும் நோய் பரவும் வழிகளாகிவிடுகின்றன. நோயாளி துன்பப்படுபவனாகவும் பிறருக்குத் துன்பம் விளைவிக்கக்கூடியவனாகவும் ஒருங்கே காட்சியளிக்கின்றான். இவ்விரண்டில் எதனை முதன்மையாகக் கொள்வது என்பது வைத்தியப் பிரச்சினையன்று, அறப் பிரச்சினையாகும்.

கொடிய வைரசு நோய்களை மனித சமுதாயம் எதிர்கொண்ட முறை காலந்தோறும் எவ்வாறு மாறி வந்துள்ளது என்ற வினாவுக்குப் பொதுவாகக் கூறப்படும் விடை எளிமையானது. முற்காலத்தவர் நோயைத் தெய்வக் குற்றமெனக் கருதி அஞ்சினர், பின்னர் விஞ்ஞானம் வளர்ந்தது, தடுப்பூசி கண்டுபிடிக்கப்பட்டது, மூடநம்பிக்கை அகன்றது, மனிதன் வென்றான். பாடநூல்கள் பலவும் ஏறத்தாழ இவ்வாறே கூறுகின்றன. இதிற் பொய்யில்லை. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 300 மில்லியன் மக்களைக் கொன்றதாக மதிப்பிடப்படும் பெரியம்மை இன்று உலகில் எவரையும் பீடிப்பதில்லை என்பது சாமானியமான சாதனையன்று. ஆயின் மருத்துவ ஆற்றல் வளர்ந்தவாறே அதனைக் கையாளும் அறமும் வளர்ந்தது என்று இவ்விடை சொல்லாமற் சொல்கின்றது. அதனையே இக்கட்டுரை ஐயுறுகின்றது. யாரைக் கேட்டுச் செய்தனர், செய்ததன் சுமையை யார் தாங்கினர் என்ற இரு வினாக்களையும் எழுப்பிப் பார்ப்பின், வரலாறு அவ்வளவு நேரான பாதையிற் செல்லவில்லை என்பது புலனாகும்.

எமது நாட்டில் வைசூரி என வழங்கிய பெரியம்மையையே முதலில் எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து முதியோர் இன்றும் கொப்புளிப்பானைக் கூட 'அம்மாள் வருத்தம்' என்றே சொல்வர். என் அப்பம்மா அதனை ஒருபொழுதும் நோயெனக் குறிப்பிட்டதில்லை. 'அம்மாள் வந்திருக்கிறா' என்பார். கொப்புளங்களை முத்து என்பார். மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசி மாதத்தில் நிகழும் குளிர்த்திச் சடங்கு, மதுரையை எரித்தவளின் வெம்மையைத் தணித்து நோயையும் வரட்சியையும் நீக்கும் நோக்குடையது. அதே கண்ணகி சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்யோவாக, அம்மை நோய்களுக்கு உரிய தெய்வமாக வழிபடப்படுகின்றாள். இவற்றை மூடநம்பிக்கை என ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் இந்நோக்கினுள் அடங்கியுள்ள ஒரு மனோபாவம் கவனிக்கத்தக்கது. நோயாளி இங்கு அருவருக்கத்தக்கவன் அல்லன். தெய்வம் தங்கியிருக்கும் இடமாகின்றான். வாசலில் வேப்பிலை கட்டுவதும், பிறர் வீட்டுக்குள் வாராதிருப்பதும், வீட்டார் வெளியிடங்களுக்குச் செல்லாதிருப்பதும் இன்று நாம் தனிமைப்படுத்தல் என்று அழைப்பதையே பெரும்பாலும் நிறைவேற்றின. ஆனால் அது நோயாளியை இழிவுபடுத்தாது நிறைவேறியது.

இவ்வாறு கூறுவதனாற் பழமையைப் போற்றிப் பாடுவது என் நோக்கமன்று. அம்மாள் வந்த பத்துப் பேரில் மூவர் வரை இறந்தனர் என்பதனையும், பிழைத்தவர் பலர் கண்ணிழந்தனர் என்பதனையும் மறைத்துப் பழமையைப் புகழ்வோர் அந்நோயைக் கண்டறியாத தலைமுறையினரே. மரியாதை உயிரைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றிய அறிவு வேறு வழியாக வந்தது. அது வந்த வழியைப் பார்ப்போம்.

அம்மைக் கொப்புளத்தின் சீழைச் சிறிதளவு எடுத்து நலமுள்ளவர் தோலிற் செலுத்தி, இலேசான நோயை உண்டாக்கிப் பெருநோயைத் தடுக்கும் முறை சீனம், இந்தியா, துருக்கி, ஆபிரிக்கா ஆகிய இடங்களில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. ஐரோப்பியர் இதனைப் பிறரிடமிருந்தே கற்றனர். துருக்கியில் இருந்த பிரித்தானியத் தூதுவரின் மனைவி மேரி வேர்ட்லி மொன்ரேகு 1718இல் தம் மகனுக்கு அங்கேயே இதனைச் செய்வித்தார். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் கொட்டன் மாதர் என்ற மதகுருவுக்கு இம்முறையைக் கூறியவன் அவரது வீட்டில் அடிமையாக இருந்த ஒனெசிமஸ் என்ற ஆபிரிக்கன். 1721இல் அந்நகரில் அம்மை பரவியபொழுது இயற்கையாக நோயுற்றவரில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இறந்தனர். இம்முறைப்படி சீழேற்றப்பட்டவரில் நூற்றுக்கு இருவர் அல்லது மூவரே இறந்தனர். ஓர் அடிமையின் சொல்லால் ஒரு நகரத்தவர் பலர் உயிர்தப்பினர். அவனுடைய உடலை உடைமையாகக் கொண்டிருந்த சமுதாயம் அவனுடைய அறிவையும் அவ்வாறே எடுத்துக்கொண்டது.

அதே 1721இல் இலண்டனில் இம்முறையைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் செய்வதற்கு முன்னர் பிறரிற் செய்து பார்க்க விரும்பினர். நியூகேற் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த மூன்று ஆண்களும் மூன்று பெண்களும் தெரிவு செய்யப்பட்டனர். பிழைத்தால் விடுதலை என்பது நிபந்தனை. அறுவரும் பிழைத்தனர். தூக்குமரத்துக்கும் ஊசிக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்வதனைச் சம்மதம் என அழைக்கலாமா என்பது மெய்யியல் மாணவருக்கு நல்லதொரு வினா. இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது அடுத்து நிகழ்ந்ததே. அவ்வறுவருள் ஒருத்தியான 19 வயதுப் பெண், அம்மை பரவியிருந்த ஹேர்ட்போட் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டு, நோயுற்ற சிறுவனொருவனைப் பேணுமாறு அமர்த்தப்பட்டாள். அவளுக்கு நோய் மீண்டும் தொற்றுமா என்பதை அறிவதே அதன் நோக்கம். அருகிலிருந்து பேணுதல் என்ற அந்த நான்காவது பணி இங்கு ஒரு பரிசோதனைக் கருவியாயிற்று. அவளுக்கு நோய் தொற்றவில்லை. அறிவு வளர்ந்தது.

1796 மே 14ஆந் திகதி எட்வேட் ஜென்னர் பசு அம்மைப்பாலைச் செலுத்தியது தம் தோட்டக்காரரின் எட்டு வயது மகனுக்கே. 1803இல் ஸ்பானிய அரசு இப்பாலைத் தன் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பியபொழுது, கப்பற் பயணத்தில் அது கெட்டுவிடாதிருக்க, 22 அநாதைச் சிறுவர்களை ஏற்றி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி மாற்றிக் கொண்டுசென்றனர். இலங்கைக்கு அம்மைப்பால் 1802இல் வந்தது; ஆங்கிலேய ஆட்சி இங்கு ஏற்பட்டுச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. பீரங்கியைக் கொண்டுவந்த அதே கை மருந்தையும் கொண்டுவந்தது என்பதை இந்நாட்டு மக்கள் உடனே மறந்திருப்பர் என எதிர்பார்ப்பதற்கில்லை. கேட்கப்படாதவர்களின் உடல்கள் வழியாகவே நோயை வெல்லும் அறிவு நடந்து வந்துள்ளது. இதனைக் கூறுவது அவ்வறிவை மறுப்பதற்கன்று. நாம் பெற்ற நன்மையின் கணக்கில் யாருடைய பெயர்கள் விடுபட்டுள்ளன என்பதைக் குறிப்பதற்கேயாம்.

கட்டாயம் என்பது சட்ட வடிவம் பெற்றது 19ஆம் நூற்றாண்டிலாகும். 1853ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம் குழந்தைகளுக்குப் பாலேற்றுதலைக் கட்டாயமாக்கியது. ஆறு ஆண்டுகளின் பின் யோன் ஸ்ரூவேட் மில் தம் சுதந்திரம் பற்றிய நூலை வெளியிட்டார். பிறருக்குத் தீங்கு நேர்வதைத் தடுத்தற்பொருட்டே ஒருவனுடைய விருப்பத்துக்கு மாறாக அவன்மீது அதிகாரஞ் செலுத்தலாம் என்பது அவருடைய கோட்பாடு. தொற்றுநோய்க்கு இதனினும் பொருத்தமான கோட்பாடு இல்லை என முதலில் தோன்றும். ஆயின் தொற்றுநோய்க் காலத்தில் மூச்சுவிடுவதே பிறருக்குத் தீங்காகக்கூடும். அக்காலத்தில் இக்கோட்பாட்டுக்கு எல்லை எது? 'பிறருக்குத் தீங்கு' என்பதைத் தீர்மானிப்பவன் யாவன்? மில் இங்கு நமக்கு முழுமையாக உதவுகின்றார் எனக் கூற முடியவில்லை.

சட்டம் எல்லோருக்கும் பொதுவாயினும் அதன் பாரம் பொதுவாக இருக்கவில்லை. வசதியுள்ளவன் குற்றப்பணத்தைச் செலுத்திவிட்டுச் சென்றான். தொழிலாளி வீட்டுத் தளபாடங்கள் பறிமுதலாயின. 1885இல் லெஸ்ரர் நகரிற் பல்லாயிரவர் திரண்டு எதிர்ப்பு ஊர்வலம் நடத்தினர். ஈற்றில் 1898ஆம் ஆண்டுச் சட்டம் மனச்சான்றின் பேரில் மறுப்போருக்கு இடமளித்தது. அமெரிக்காவில் 1905இல் யாக்கொப்சன் என்ற போதகருக்கு எதிரான வழக்கில், ஊசி மறுத்தமைக்காக விதிக்கப்பட்ட ஐந்து டொலர்க் குற்றப்பணம் செல்லுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுநலனுக்காகத் தனிமனித சுதந்திரம் கட்டுப்படலாம் என்ற அத்தீர்ப்பை நியாயமானதென்றே நான் கருதுகின்றேன். ஆயின் 1927இல் அதே நீதிமன்றம், வேர்ஜீனியா மாநிலத்தில் மனவளர்ச்சி குன்றியவள் என முத்திரை குத்தப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்குக் கட்டாய மலடாக்கற் சத்திரசிகிச்சை செய்யலாமெனத் தீர்ப்புக் கூறியபொழுது, முன்மாதிரியாகக் காட்டியது இந்த ஊசி வழக்கையே. ஐந்து டொலர்க் குற்றப்பணத்துக்கும் ஒரு பெண்ணின் கருவைப் பறிப்பதற்கும் இடையே 22 ஆண்டுகளே இருந்தன. பொதுநலன் என்னும் சொல் தானாக எங்கும் நிற்பதில்லை. அதனை நிறுத்த வேறு ஏதோ ஒன்று வேண்டும்.

அந்த 'வேறு ஒன்று' எது என்பதைச் சிந்திக்கத் தூண்டும் நிகழ்ச்சியொன்று பெரியம்மை ஒழிப்பின் இறுதிக் கட்டத்தில் இந்தியாவில் நிகழ்ந்தது. உலக சுகாதாரத் தாபனம் 1967இல் ஒழிப்புத் திட்டத்தைத் தீவிரப்படுத்தியது. ஊர் முழுவதற்கும் ஊசி போடுவதற்குப் பதிலாக, நோயாளியைத் தேடிக் கண்டு அவரைச் சூழ்ந்தோருக்கு ஊசி போடும் முறை கையாளப்பட்டது. 1974இல் இந்தியாவில் 188,000 பேர் வரை அம்மையுற்றனர். பீகார் மாநிலமே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. வேலை விரைந்தது, பொறுமை குறைந்தது. அக்காலத்தில் நிகழ்ந்த அச்சுறுத்தல்களையும் பலாத்காரத்தையும் பால் கிரீனோ என்ற வரலாற்றாசிரியர் பின்னர் ஆராய்ந்து எழுதியுள்ளார்.

அத்திட்டத்திற் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் இலாறன்ஸ் பிறில்லியன்ற் தாமே எழுதிவைத்த நிகழ்ச்சி இது. ஹோ என்னும் ஆதிவாசிக் குழுவின் தலைவர் ஒருவர் ஊசியை மறுத்தார். நோயைத் தருவதும் நீக்குவதும் இறைவன் செயல். அதனை ஏற்பதே தம் தர்மம் என்றார். ஒருநாள் நள்ளிரவில் வைத்தியர்களும் பொலீசாரும் அவர் குடிசையின் மூங்கிற் கதவை உடைத்து உட்புகுந்தனர். மனைவி அலறினாள், அவர் கோடரியை எடுத்தார். அவரைப் பிடித்தமர்த்தி ஊசி ஏற்றினர். மனைவி ஒரு வைத்தியரைக் கடித்தாள். வீட்டார் அனைவருக்கும் ஊசி போடப்பட்டது. எல்லாம் முடிந்த பின் அத்தலைவர் உடைந்த கதவைப் பார்த்தார். எதுவும் பேசாது தம் சிறு தோட்டத்துக்குச் சென்று, கொடியில் எஞ்சியிருந்த ஒரேயொரு முற்றிய வெள்ளரிக்காயைப் பறித்துவந்து, கடியுண்ட வைத்தியரின் கையிற் கொடுத்தார். தம் தர்மத்தைத் தாம் காத்ததாகவும், ஊசி போடுவதே அவர்களுடைய தர்மமென்றால் அவர்கள் அதனைச் செய்துவிட்டனர் என்றும், இனி அவர்கள் தம் வீட்டு விருந்தினர் என்றும் அவர் விளக்கினார்.

இந்நிகழ்ச்சியை வாசித்தவர் எவரும் அதனை எளிதில் மறக்க முடியாது. எண்ணிக்கையை மட்டும் கருதுவோர்க்கு இங்குப் பிரச்சினையே இல்லை. ஒரு கதவு உடைந்தது. ஒரு கொடிய நோய் அழிந்தது. 1975 மே மாதத்தின் பின் இந்தியாவில் எவருக்கும் பெரியம்மை வரவில்லை. 1977இல் சோமாலியாவில் வைத்தியசாலைச் சமையற்காரராக இருந்த அலி மாவ் மாலினோடு இயற்கையாகத் தொற்றிய பெரியம்மை உலகிலேயே முடிந்தது. 1980 மே மாதத்தில் ஒழிப்புப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இக்கணக்கினை நான் மறுக்கவில்லை. அக்குடிசையில் ஊசி போட்டமை தவறு என்று துணிந்து கூறவும் என்னால் இயலவில்லை. அவர் வீட்டில் நோய் புகுந்திருந்தால் அயல்வீட்டுக் குழந்தையும் இறந்திருக்கும். ஆயின் அவ்விரவில் அக்குடிசையில் மற்றவரை மனிதராக மதித்து நடந்தவர் யார்? வந்தவர்களுக்கு அவர் ஓர் எண். கடைசியாக எஞ்சியிருந்த தடை. அவருக்கோ அவர்கள் தம் கடமையைச் செய்ய வந்த மனிதர். பலாத்காரம் சிலவேளை தவிர்க்க முடியாததாகலாம். தவிர்க்க முடியாததாயிற்று என்பதனால் அது கடனற்றதாகிவிடாது. உடைத்த கதவைத் திருத்திக் கொடுக்கும் கடன், காரணத்தைச் சொல்லும் கடன், குறைந்தபட்சம் நாம் ஒரு கதவை உடைத்தோம் என்று ஒப்புக்கொள்ளும் கடன் உடைத்தவனுக்கு உண்டு. காந்தி பிறந்த நாட்டில் இதனை நினைவூட்ட ஒரு வெள்ளரிக்காய் வேண்டியிருந்தது.

1981இல் எயிட்ஸ் நோய் முதன்முதலில் அறிவிக்கப்பட்டபொழுது, அம்மையை வென்ற பெருமிதத்தில் உலகம் இருந்தது. இந்நோய் காற்றினாற் பரவுவதில்லை, தொடுவதனாலும் பரவுவதில்லை. எனினும் நோயாளியைத் தொட அஞ்சினர். கியூபா 1986 முதல் 1993 வரை தொற்றுடையோரைச் சுகாதார விடுதிகளிற் கட்டாயமாக வசிக்கச் செய்தது. ஐக்கிய அமெரிக்கா 1987 முதல் 2010 வரை தொற்றுடைய வெளிநாட்டவர் தன் எல்லைக்குள் வருவதைத் தடைசெய்தது. பொதுவுடைமை நாடும் முதலாளித்துவ நாடும் இவ்விடயத்தில் ஒரே திசையிற் சிந்தித்தமை வியப்புக்குரியது. புதுமை வேறிடத்திலிருந்து வந்தது. 1983இல் டென்வர் நகரிற் கூடிய நோயாளர் சிலர், தம்மைப் பலியானோர் என்று அழைக்க வேண்டாம், தம்மைப் பற்றிய தீர்மானங்களிற் தமக்கும் இடம் வேண்டும் என்று அறிவித்தனர். பின்னர் தென்னாபிரிக்காவில் மலிவு மருந்துக்காகப் போராடியோரும் பெரும்பாலும் நோயாளரும் அவர்தம் சுற்றத்தாருமே. அதுவரை வைத்தியர்களும் அதிகாரிகளும் மட்டும் இருந்து பேசிய சபையில் நோயாளி ஆசனமொன்றைத் தானே இழுத்துப்போட்டு அமர்ந்தான்.

இப்பாடம் நிலைத்ததா? 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியபொழுது அது நிலைக்கவில்லை என்பது தெரிந்தது. கினி, லைபீரியா, சியராலியோன் ஆகிய நாடுகளில் 28,600க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 11,300க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2014 ஓகஸ்டில் லைபீரியத் தலைநகர் மொன்றோவியாவின் வெஸ்ற் பொயின்ற் என்ற சேரி முழுவதையும் படையினர் முள்ளுக்கம்பியால் அடைத்தனர். கலவரத்திற் சுடப்பட்டு 15 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பத்து நாட்களில் அடைப்பு நீக்கப்பட்டது. அடுத்த மாதம் கினியின் வோமே கிராமத்தில், நோய்பற்றி அறிவூட்டச் சென்ற குழுவினர் எட்டுப் பேரைக் கிராமத்தவர் கொன்றனர். அச்சம் இரு தரப்பையும் கொடியவராக்கிற்று.

எபோலாவால் இறந்தவரின் சடலம் உண்மையிலேயே ஆபத்தானது. சடலத்தைக் கழுவுவதும் தழுவுவதும் நோயைப் பரப்பின. புதிய தொற்றுக்களில் ஐந்தில் ஒரு பங்கேனும் அடக்கச் சடங்குகளின்போதே ஏற்படுவதாக உலக சுகாதாரத் தாபனம் மதிப்பிட்டது. எனவே லைபீரிய அரசு மொன்றோவியாப் பகுதியில் இறந்தோரை எரிக்குமாறு ஆணையிட்டது. எரித்தல் அம்மக்களின் வழக்கமன்று. அங்கு வாழும் இந்தியச் சமூகத்தவர் தமக்கென அமைத்திருந்த தகனசாலையே இதற்குப் பயன்பட்டது. விளைவு யாது? மக்கள் நோயாளரை மறைத்தனர்; சடலங்களை இரவில் இரகசியமாகப் புதைத்தனர். நோய் மேலும் பரவியது. அறத்தை மீறிய கட்டளை வைத்திய நோக்கிலும் தோற்றது. 2014 நவம்பரில் உலக சுகாதாரத் தாபனம் மதத் தலைவர்களையும் மானிடவியலாளரையும் கலந்து புதிய நடைமுறையை வெளியிட்டது. உறவினர் தொலைவில் நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், இறந்தவரின் பெயர் கல்லறையிற் பொறிக்கப்படும். டிசெம்பரில் லைபீரியா எரித்தலைக் கைவிட்டு, டிஸ்கோ ஹில் என்னுமிடத்தில் அடக்க நிலமொன்றைத் திறந்தது. கினியிற் கருவோடு இறந்த பெண்ணொருத்தியை வழக்கப்படி கருவை வேறாக்காது புதைக்கக் கூடாதென ஊரவர் மறுத்தபொழுது, ஜூலியென் அனோகோ என்ற மானிடவியலாளர் முதியோரைத் தேடிச் சென்று, பரிகாரச் சடங்கொன்றால் அக்குறையைத் தீர்க்கலாமென அறிந்து, அதனைச் செய்வித்தார். சடங்குக்கான செலவைச் சர்வதேசத் தாபனம் கொடுத்தது. மருந்தும் மந்திரமும் எதிரிகள் என்று கற்பிக்கப்பட்ட நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

இவையாவும் எழுத்தில் இருந்தன, அச்சிடப்பட்டிருந்தன, உலகின் எந்தச் சுகாதார அமைச்சும் எடுத்துப் படிக்கக்கூடியனவாக இருந்தன. இனி எமது நாட்டுக்கு வருவோம்.

கொவிட்-19 இலங்கையை வந்தடைந்தபொழுது அரசின் கையில் இருந்த பிரதான சட்டம் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமாகும். பம்பாய்க் கொள்ளைநோயைக் கண்டு அஞ்சிய குடியேற்ற ஆட்சியின் பிள்ளை அது. 2020 மார்ச் மாத இறுதியிற் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டலில் இறந்தோரை அடக்கஞ் செய்தலுக்கும் இடமிருந்தது. சில நாட்களில் அது மாற்றப்பட்டது. ஏப்பிரல் 11ஆந் திகதி வர்த்தமானி மூலம் எரித்தல் கட்டாயமாயிற்று. நிலத்தடி நீர் மாசடையும் என்பது கூறப்பட்ட காரணம். உலக சுகாதாரத் தாபனம் அடக்கமும் தகனமும் ஏற்புடையன என்று ஏற்கெனவே அறிவித்திருந்தது. 2003இல் சார்ஸ் நோயின் வைரசை இனங்கண்டவருள் ஒருவரான, இந்நாட்டிற் பிறந்த வைரசியற் பேரறிஞர் மலிக் பீரிஸ் இக்காரணத்துக்கு அடிப்படையில்லை என்று கூறினார். செவிமடுப்பார் இல்லை.

முஸ்லிம்களுக்குத் தகனம் என்பது வெறும் வழக்க மாறுபாடன்று. மரித்தவருக்கு வாழ்வோர் செய்ய வேண்டிய கடைசிக் கடமையின் முறிவு. 2020 டிசெம்பர் முதலாந் திகதி உயர் நீதிமன்றம் இதற்கெதிரான மனுக்களைக் காரணங்கூறாது தள்ளுபடி செய்தது. சில நாட்களின் பின், பிறந்து 20 நாட்களேயான குழந்தையொன்று பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. உறவினர் பொறுப்பேற்க மறுத்த சடலங்களும் எரிக்கப்பட்டன. பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினர். பேச்சுக்கு இடமில்லாதபொழுது துணி பேசிற்று.

பீகார்க் குடிசையையும் இதனையும் ஒருங்கு வைத்து நோக்குதல் தகும். அங்கு உடைக்கப்பட்ட கதவுக்குப் பின்னால் உண்மையான தொற்று அபாயம் இருந்தது; இங்கு அது இருக்கவில்லை. ஆகவே வேறுபாடு விஞ்ஞானச் சான்றினதே, சான்று பிழைத்தமையே இங்கு நிகழ்ந்த தவறு எனச் சிலர் வாதிக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சான்று பிழையென அறிந்தோர் எடுத்துரைத்த பின்னும் ஏறத்தாழ 11 மாதங்கள் கட்டளை நீடித்தது. அச்சமே காரணமெனின் அச்சம் எல்லா இறந்தோரையும் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். யாருடைய துயரம் கணக்கில் எடுக்கத்தக்கது, யாருடையது தக்கதன்று என்பது நோய் வருமுன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. நோய் அத்தீர்மானத்துக்குச் சுகாதாரம் என்ற ஆடையை உடுத்திற்று. தொற்றுநோய் புதிய அநீதியை அரிதாகவே படைக்கின்றது. இருந்ததனையே பெரும்பாலும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகின்றது.

2021 பெப்ரவரி முதல் வாரத்திற் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடைபெற்ற பேரணியின் கோரிக்கைகளுள் கட்டாய தகனத்தை நிறுத்துவதும் ஒன்று. தமிழரும் முஸ்லிம்களும் அதிற் சேர்ந்து நடந்தனர். இவ்விரு சமூகங்களுக்கிடையே உள்ள கசப்பான நினைவுகளை அறிந்தோர்க்கு அதன் பொருள் விளங்கும். பெப்ரவரி 25ஆந் திகதி அடக்கத்துக்கு அனுமதியளிக்கும் வர்த்தமானி வெளியாயிற்று. அது வெளியானது வைத்திய நிபுணரின் அறிக்கையொன்றின் மறுநாளன்று. பாக்கிஸ்தான் பிரதமரின் வருகையின் மறுநாளாகும்.

அனுமதி வந்தபின்னும் கேளாமற் செய்யும் பழக்கம் போகவில்லை. முதலிற் குறிக்கப்பட்ட இடம் இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்து 2018இலேயே தம் நிலத்துக்கு மீண்டிருந்த கத்தோலிக்கத் தமிழ் மீனவர் வாழும் தீவு அது. அவர்கள் எதிர்த்தனர். அடக்கஞ் செய்வதையே எதிர்த்தனர் என இதனைத் திரித்துக் கூறுதல் தகாது. இரு சிறுபான்மையினரை எதிரெதிரே நிறுத்தும் ஏற்பாட்டை எதிர்த்தனர் என்பதே பொருந்தும். பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியைச் சேர்ந்த மஜ்மா நகரில் இடம் ஒதுக்கப்பட்டது. கொழும்பில் இறந்தவரும் கண்டியில் இறந்தவரும் படையினரின் மேற்பார்வையில் நெடுந்தூரம் கொண்டுசெல்லப்பட்டு அங்கே அடக்கஞ் செய்யப்பட்டனர்.

2024 யூலையில் அமைச்சரவை கட்டாய தகனத்துக்காக மன்னிப்புக் கோரியது. மன்னிப்பு வரவேற்கத்தக்கதே, உடைத்த கதவை உடைத்தோம் என ஒப்புக்கொள்வது அது. ஆயின் அக்கட்டளைக்கு அறிவுரை வழங்கியோர் எவ்வகையான காரணங்களின் மேல் அதனை வழங்கினர் என்பது இன்னும் மக்கள்முன் வைக்கப்படவில்லை. பரீட்சை மண்டபத்தில் நாம் எழுதும் ஒரு பக்க விடைக்குக் கூடக் காரணங் கேட்கப்படுகின்றது.

மஜ்மா நகரில் 2021 மார்ச் முதல் ஓராண்டு காலத்தில் 3,000க்கு மேற்பட்டோர் அடக்கஞ் செய்யப்பட்டனர். முஸ்லிம்கள் மட்டுமன்றி, அடக்கத்தை விரும்பிய பிற சமயத்தவர் சிலரும் அவர்களுள் அடங்குவர். அவ்வூர்ப் பிரதேச சபையினரும் தொண்டர்களும் குழிகளை வெட்டினர். அங்குவந்து சேர முடியாத உறவினருக்குப் பதிலாக நின்று பிரார்த்தித்தனர். அவர்கள் மண்ணிட்ட மனிதர்களுட் பெரும்பாலோரை அவர்கள் ஒருபொழுதும் கண்டதில்லை.